விருந்தினராய்ச் செல்வோம்

வியட்நாம் அரசு ஏற்றுள்ள இனக்குழுக்கள் 54. அவற்றுள் பானார், ஏடே, ஜராய் முதலிய குழுவினர் அந்நாட்டின் நடுப்பகுதி மேட்டுநிலத்தில் வாழ்கின்றனர். புதுநெல் விளைந்த மகிழ்விலும் இறந்தோரை வழியனுப்பும் துயரிலும் அவர்கள் வெண்கலச் சேகண்டிகளை முழக்குவர். அவர்களுக்கு அது வெறும் இசையன்று. மூதாதையரோடும் தெய்வங்களோடும் பேசும் மொழி. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இம்மரபைச் சிறப்பித்தபோது, கருவியை மட்டும் சுட்டாமல் ‘சேகண்டிப் பண்பாட்டு வெளி’ என்றே குறித்தது. வயலும் ஊர்ப்பொதுமனையும் விழாவும் சேர்ந்ததே அவ்வெளி.

இன்று பயணிகளுக்காகவும் சேகண்டிகள் ஒலிக்கின்றன. அவ்வருவாய் அம்மக்களுக்குப் பயன்படுவதே. இளையோர் அக்கலையைக் கற்கவும் அது தூண்டலாம். ஆயினும், இழவுக்குரிய இசையைப் பொழுதுபோக்குக்காக வாசிக்கச் சொல்வது முறையாகுமா? எதை, எப்போது, யார்முன் இசைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை அம்மரபுக்கு உரியோருடையது. அவர்கள் காட்ட விரும்பாததைக் காணாமல் திரும்புவதும் பண்பாடே.

விலை கொடுத்ததனால் மட்டும் எவரும் ஒரு பண்பாட்டுக்கு உரிமையாளர் ஆவதில்லை. விருந்தினரோ வீட்டாரின் ஒழுங்கறிந்து நடப்பர். மாணவர்களே, எந்நாட்டுக்குச் சென்றாலும் நாம் விருந்தினராய்ச் செல்வோம்.