பூட்ஸும் சுத்து வழியும்

ஆவடி என்ற பெயருக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டெப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் முதலெழுத்துகளாம். வாத்தியார் முதல் ஷேர் ஆட்டோக்காரர் வரை இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே வந்தது 1960களில். முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965 டிசம்பரில். அதற்குப் பத்து வருசம் முன்னாடியே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மாநாடு நடந்தது இதே ஆவடியில்தான். டாங்கிக்கு முன்பே ஊர் இருந்தது, ஏரி இருந்தது, ஊருக்கு வெளியே சேரியும் இருந்தது. ஊரின் பெயரையே ராணுவ இரும்பிலிருந்து தொடங்குகிற பொதுப்புத்திக்கு, அந்த ராணுவத்துக்காக மண் சுமந்தவன் மட்டும் ஏன் ஞாபகம் வருவதில்லை?

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது மெட்ராஸ்தான் என்று பட்டணமே காலியானது. வசதி இருந்தவர்கள் ரயிலேறி ஓடினார்கள். “எல்லாம் மெட்ராஸ வுட்டு ஓடறான், நான் மெட்ராஸுக்குப் போய் பேரு குட்த்தேன்” என்பார் தாத்தா. தேசபக்தியா, ராஜவிசுவாசமா என்று கேட்டால் சிரிப்பார். “ரெண்டு வேள சோறுடா. ஒரு சட்ட. மாசம் பொறந்தா ரூபா. வேற இன்னா?”

நம் தோழர்கள் சிலருக்கே இந்தப் பதில் சங்கடமாக இருக்கிறது. ‘ஏகாதிபத்தியத்தின் கூலிப்படை’ என்று ஒரு பக்கம் முணுமுணுப்பு. தேசியவாதிகளோ இவர்களைத் துரோகி என்று சொல்லக்கூட மெனக்கெடவில்லை, மறந்தே போனார்கள். இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி: பண்ணையில் படிக்கூலிக்குக் கிடந்திருந்தால் அது என்ன, விடுதலைப் போராட்டமா? மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படைக்குப் போன தமிழ்க் கூலிகளையும், இங்கிருந்து பிரிட்டிஷ் படைக்குப் போனவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு வரிசையிலும் நம் சனம் இருக்கிறது. யார் கொடி என்பதை இவர்கள் தீர்மானிக்கவில்லை. யார் முதுகில் ஏறுவது என்பதைத்தான் கொடி பிடித்தவர்கள் தீர்மானித்தார்கள்.

அண்ணலின் தகப்பனார் ராம்ஜி சக்பால் சுபேதார். அண்ணல் 1891இல் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில். ராணுவப் பள்ளிக்கூடம் இல்லாமல் அந்தக் குடும்பத்தில் எழுத்து இல்லை. அவர் பிறந்த ஓரிரு வருசத்திலேயே மகர்களுக்கு ராணுவக் கதவை மூடினான் வெள்ளைக்காரன். ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்று ஒரு பித்தலாட்டத் தத்துவம் அப்போது கோலோச்சியது. அதை முன்னின்று பரப்பிய ராபர்ட்ஸ் பிரபு 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கே தளபதியாக இருந்தவர். கம்பெனிக் காலத்தில் சண்டை போட்டு மண் பிடித்துக் கொடுத்த சென்னைச் சிப்பாய்கள், அவர் கணக்கில் கோழைகளானார்கள். பறையர் பெருமளவில் இருந்த படை அது. 1920களில் தொடங்கி 1933க்குள் மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாளங்களும் பயனியர் படைகளும் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர்ஸ் மட்டும் தப்பிப் பிழைத்தது. பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் ஆள் வேண்டுமே! பிறகு ஹிட்லரும் டோஜோவும் வந்தார்கள். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவாகிறது. 1943இல் சமார் ரெஜிமென்ட் எழுந்து, போர் முடிந்ததும் 1946இல் கலைக்கப்படுகிறது. சாவு மலிந்தபோது போர்க்குணம் எங்கிருந்தோ வந்துவிட்டது. அமைதி வந்ததும் அது காணாமல் போனது. (சாதிப் பெயரில் ரெஜிமென்ட் வேண்டும் என்று இன்று எழுகிற கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விசயம்.)

தாத்தா பர்மா எல்லையில் பாலம் போட்டவர். பெய்லி பாலம் என்பது துண்டு துண்டாக வரும். ஒரு சட்டம் பத்தடி நீளம், சுமார் 260 கிலோ. அதைத் தூக்க ஆறு பேர் வேண்டும். சிந்த்வின் ஆற்றின் மேல் காலேவாவில் 1944 டிசம்பரில் போட்ட பெய்லி பாலம் 1154 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது அதுதான். இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தாத்தா சொன்னது வேறு. “ஆறு பேரும் ஒண்ணா மூச்சு வுடணும்டா. ஒருத்தன் தோளு எறங்கினா அஞ்சு பேரு கால் போச்சு. அங்க எவன்டா இன்னா சாதின்னு கேக்கறது?” ஒரே அலுமினியத் தட்டு, ஒரே தேக்சா சோறு. அவர் கையெழுத்துப் போடக் கற்றதும் அங்கேதான். அதுவும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய உருது! பட்டாளத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழில் தன் பேரை எழுத அதற்குப் பிறகுதான் பழகினார்.

சாப்பர்ஸ் ஆட்களைப் பட்டாளத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்கார அதிகாரி வாயிலும் அதே சொல். அதில் இருந்த எசமானத்தனம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஊரில் சின்னப் பிள்ளைகூட ‘டேய்’ போட்ட ஆளுக்கு அந்தச் சொல் என்னவாக இருந்திருக்கும்?

அதே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். அவரும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில், கூட வந்தவர் காலடியில் கண்ணிவெடி கிளம்பியதும், மற்றவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்து செத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர். நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்? விருது வாங்கினவர் கதியே இது என்றால், மண் வெட்டி ஏந்தித் திரும்பி வந்தவர்கள் எந்தக் கணக்கில்?

1946இல் தாத்தா திரும்பினார். காலில் பட்டாளத்து பூட்ஸ். சேரிக்குப் போக நேர்வழி ஊர்த்தெரு. அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். அவர் கழற்றவில்லை. ஊர்த்தெருவில் பூட்ஸோடு நடக்கவும் இல்லை. ஏரிக்கரை மேலேறி முக்கால் மைல் சுற்றி வீட்டுக்குப் போனார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல வருசம். மழையில் கரை சேறானாலும் சுத்து வழிதான்.

எங்கள் வீட்டில் இதை வீரக்கதையாகச் சொல்வார்கள். இயக்கக் கூட்டமொன்றில் நான் சொன்னபோது ஒரு தோழர், “இது சமரசம் இல்லையா?” என்றார். எனக்கு இரண்டு வார்த்தையிலும் நம்பிக்கையில்லை. உலகத்தின் பெரிய ராணுவம் ஒன்றை எதிர்த்து நின்றவர், நாற்பது வீட்டுத் தெரு ஒன்றைச் சுற்றிப் போனார் என்றால், இரண்டில் எது பலமான எதிரி என்று பார்க்கத் தெரிய வேண்டும். அங்கே கையில் ஆயுதமும் கூட ஐந்து தோளும் இருந்தன. இங்கே பொண்டாட்டி, பிள்ளைகள், ஓலைக்கூரை.

அப்புறம் வேலை. மண் சரியாமல் குழி எடுப்பது அவருக்குக் கைவந்த கலை. சுற்றுவட்டாரத்தில் உறைகிணறு இறக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் கண்டதும் மேலே ஏறிவிட வேண்டும். அவர் தோண்டிய கிணற்றில் அவர் குடம் இறங்கக் கூடாது. 1955இல் காங்கிரஸ் பந்தலுக்குக் குழி எடுத்த கூலிகளில் அவரும் ஒருவர். உள்ளே ‘சோஷலிச பாணி சமுதாயம்’ தீர்மானம் நிறைவேறியது. தாத்தா சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாக வீட்டுக்குப் போனார்.

2009இல் அவர் செத்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: “நல்ல உழைப்பாளி.” அந்தப் பாராட்டு எனக்குக் கசக்கிறது. மாட்டையும் அப்படித்தான் சொல்கிறோம். எண்பத்தேழு வயசு வரை ஒரு மனுசன் ஏன் அவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது என்று யாராவது கேட்டார்களா? ஒவ்வொரு நவம்பரிலும் என் கவுண்டருக்கு முன்னால் உயிர்ச்சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் முன்னாள் ராணுவத்தினரும் உண்டு. போருக்கு மட்டும் எடுத்துப் போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்குச் சர்வீஸ் வருசம் போதாது, எனவே ராணுவ ஓய்வூதியம் கிடையாது. சுதந்திரப் போராட்ட ஓய்வூதியம் 1972இல் வந்தது. அந்தப் பட்டியலிலும் இவர்கள் இல்லை. இரண்டு அரசுகளுக்கு உழைத்து இரண்டின் கணக்கிலும் வராத ஆட்கள்.

நம் பத்திரிகைகளில் ஆண்ட பரம்பரை ஆராய்ச்சி நிறைய வருகிறது. ராஜாவைத் தேடுகிற நேரத்தில் பாதியையாவது தகரப்பெட்டிகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். தாத்தாவின் டிஸ்சார்ஜ் சீட்டு அம்மாவிடம் இருக்கிறது. நடத்தை என்ற இடத்தில் ‘எக்ஸம்ப்ளரி’, வகுப்பு என்ற இடத்தில் ‘ஆதி திராவிடா’. ஒரே பேனா, ஒரே மை. நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாபிராம், கோவில்பதாகை பக்கம் இப்படிப்பட்ட வீடுகளைத் தேடிப் போகிறோம். இதுவரை மூன்று பெட்டி பார்த்தோம். ஒன்றில் ஒரு பர்மா ஸ்டார் பதக்கம், ரிப்பன் இல்லாமல். இன்னொன்றில் சம்பளப் புத்தகம். மூன்றாவதில் கரையான். அந்த வீட்டுப் பாட்டிக்குத் தொண்ணூற்று நாலு வயசு, பேச்சு தெளிவாக இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் இன்னும் ஆறு வீடு பாக்கி. பதிவு பண்ணவும் எழுதி எடுக்கவும் மாணவர்கள் நாலைந்து பேர் வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.