வயிறு நிறைந்தால் போதுமா?

தோட்டத்தில் எஞ்சியிருக்கும் நம் குடும்பங்கள் சில இன்றும் லயத்துக்குப் பின்னால் நாலைந்து செம்மறியாடு வளர்க்கின்றன. பிள்ளையின் படிப்புச் செலவு, தீபாவளிச் செலவு, திடீரென வரும் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் கைகொடுப்பது அந்த ஆடுதான். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நெல் அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், "கட்டுக் கட்டாப் போடுறோம், ஆடு தேறமாட்டேங்குதே!" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

குறை ஆட்டில் இல்லை, தீனியில்தான் இருக்கிறது. நூறு கிலோ காய்ந்த வைக்கோலில் புரதம் ஏறத்தாழ நாலு கிலோதான். ஆட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு நாரைச் செரிக்க வைக்கின்றன. அவை வேலை செய்ய ஏழு கிலோவாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் வைக்கோல் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். ஆடு தின்பதும் குறையும். வயிறு உப்பியிருக்கும், முதுகெலும்பு தெரியும்.

இதற்கு மருந்து நம் பாட்டன்மார் அறிந்ததே. தமிழ்நாட்டில் சோளத்தட்டையோடு காய்ந்த கடலைக்கொடியையும் சேர்த்துப் போடுவார்கள். கடலைக்கொடி பயறு வகை, புரதம் அதிகம். இங்கே நமக்குக் கடலைக்கொடி இல்லை. ஆனால் மறுநடவு செய்த பால்மர, செம்பனை நிரைகளில் மண்ணை மூடப் படரவிடும் பூரேரியா, சென்ட்ரோசீமா கொடிகளும் பயறு வகையே. மரம் வளர்ந்து நிழல் கட்டும் வரை, நாலைந்து வருஷம், அவை செழிப்பாக இருக்கும். வேலியோரம் அகத்தியும் கிளிரிசிடியாவும் நட்டால் தழை என்றும் கிடைக்கும்.

இருபத்தைந்து கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு இருநூறு கிராம் காய்ந்த கொடி, அல்லது ஒரு கிலோ அளவு பச்சைத் தழை போதும். மீதிக்கு வைக்கோல் போடலாம். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் கொடியை வாட்டி, பிறகு நிழலில் உலர்த்திப் பரணில் வையுங்கள். சத்து இலையில்தான், அது உதிர்ந்துபோகாமல் பக்குவமாகக் கையாளுங்கள். பூசணம் பிடித்ததைப் போடவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையே முழுத் தீனியாகப் போடாதீர்கள். அதிலுள்ள செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் சேர்ந்து நஞ்சாகும். மாடு தாங்கும், செம்மறி தாங்காது. மருந்தடித்த நிரையிலும் தழை அறுக்காதீர்கள்.

ஆனால் கொடி நிற்பது நிர்வாகத்தின் நிலத்தில். கேட்காமல் அறுத்தால் வம்பு. அடியோடு அறுத்தால் மண்ணுக்கும் கேடு. ஆகவே இதைத் தனித்தனியாகக் கெஞ்சிக் கேட்கும் விஷயமாக விடக்கூடாது. தோட்டக் கமிட்டி முன்னின்று பேச வேண்டும். எந்த நிரையில், எந்த நாளில், எவ்வளவு அறுக்கலாம் என்று எழுத்தில் வாங்க வேண்டும். லயத்துக்கு அருகில் தீனி வளர்க்க ஒரு துண்டு நிலமும் கேட்க வேண்டும்.

இது பிச்சையல்ல. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970களிலேயே பால்மரக் காட்டில் செம்மறி மேய்த்துப் பார்த்தது. ஆடு களையைத் தின்றால் நிர்வாகத்துக்குக் களையெடுக்கும் செலவு மிச்சம் என்பது அப்போதே தெரிந்த கணக்கு. ஆட்டால் லாபம் காணக்கூடிய நிர்வாகம், ஆடு வளர்க்கும் தொழிலாளிக்கு ஒரு கட்டுக் கொடி கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? இந்தக் கணக்கைக் கமிட்டியார் நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.