திமிங்கல வேட்டை: தடை இருந்தும் நிற்காதது ஏன்?

2024 மே மாதம் ஜப்பானில் இருந்து ஒரு புதிய கப்பல் கிளம்பியது. பெயர், காங்கேய் மாரு. நீளம் சுமார் 113 மீட்டர். பிடிபடும் திமிங்கலங்களைக் கடலிலேயே வெட்டி, உறைய வைத்து, கரைக்குக் கொண்டுவருவதுதான் இதன் வேலை. அதே ஆண்டு, வேட்டைப் பட்டியலில் ஃபின் திமிங்கலத்தையும் ஜப்பான் சேர்த்தது. நீலத் திமிங்கலத்துக்கு அடுத்து, உலகின் இரண்டாவது பெரிய விலங்கு இது.

'திமிங்கல வேட்டைக்குத்தான் உலக அளவில் தடை இருக்கே?' என்று தோன்றலாம். இருக்கிறது. ஆனால், விரும்பாத நாடு விலகிக்கொள்ளலாம் என்ற கதவும் திறந்தே இருக்கிறது.

தடை எப்படி வந்தது?

20-ம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். 1946-ம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி உருவான சர்வதேச திமிங்கல ஆணையம், வணிக வேட்டையை நிறுத்திவைக்க 1982-ல் வாக்களித்தது. 1986-ல் அது நடைமுறைக்கு வந்தது. அலாஸ்கா, கிரீன்லாந்து போன்ற இடங்களில் தலைமுறைகளாகத் திமிங்கலத்தை நம்பி வாழும் பூர்வகுடிகளுக்கு மட்டும் தனி அனுமதி உண்டு.

ஓட்டை எங்கே?

ஆணையத்தின் முடிவுக்கு உரிய காலத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த நாட்டை அது கட்டுப்படுத்தாது. இதை வைத்தே நார்வே 1993-ல் வணிக வேட்டையைத் திரும்பத் தொடங்கியது. ஐஸ்லாந்து 1992-ல் வெளியேறி, 2002-ல் 'தடை எங்களுக்குப் பொருந்தாது' என்ற நிபந்தனையோடு உள்ளே வந்தது.

ஜப்பான் வேறு வழி பிடித்தது. 'ஆராய்ச்சி' என்று சொல்லி அண்டார்டிக் கடலில் வேட்டையாடியது. இறைச்சி கடைக்குப் போனது. ஆஸ்திரேலியா வழக்குப் போட, 2014-ல் 'இது அறிவியல் ஆராய்ச்சிக்கானது அல்ல' என்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 16 நீதிபதிகளில் 12 பேர் அந்தப் பக்கம். இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரியும் அதில் ஒருவர்.

2018-ல் வணிக வேட்டையை மீண்டும் அனுமதிக்கக் கோரிய ஜப்பானின் தீர்மானம் 27-41 என்று தோற்றது. தெரு கிரிக்கெட்டில் அவுட் ஆனதும் 'பேட் என்னோடது' என்று தூக்கிக்கொண்டு போகும் பையனைப் போல, ஜப்பான் ஆணையத்தை விட்டே வெளியேறியது. 2019 ஜூலை 1-ல் தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. ஒரே ஆறுதல், அண்டார்டிக் வேட்டை நின்றது.

ஜப்பான் தரப்பில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. 1946 ஒப்பந்தமே திமிங்கலத் தொழிலை ஒழுங்காக வளர்ப்பது பற்றியும் பேசுகிறது. மிங்கி வகைத் திமிங்கலங்கள் அழிவின் விளிம்பில் இல்லை. 'மாடும் பன்றியும் சாப்பிடுபவர்கள் எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?' என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், ஆடும் கப்பலில் இருந்து ஈட்டி எறிந்து வலியில்லாமல் கொல்வது நடக்கிற காரியமா? ஐஸ்லாந்தில் 2022-ல் கொல்லப்பட்ட 148 ஃபின் திமிங்கலங்களில் 36, ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடப்பட்டன என்கிறது அந்நாட்டு அரசு அமைப்பின் அறிக்கை. தேவையும் பெரிதாக இல்லை. 1962-ல் ஜப்பானில் சுமார் 2.3 லட்சம் டன்னாக இருந்த திமிங்கல இறைச்சி நுகர்வு, இன்று 2,000 டன் அளவில்தான் இருக்கிறது.

நாடுகள் என்ன செய்ய வேண்டும்?

கண்டன அறிக்கை போதாது. ஐஸ்லாந்து மீது அமெரிக்கா 2011, 2014 ஆண்டுகளில் தன் சட்டப்படி நடவடிக்கை தொடங்கியும், வர்த்தகத் தடை வரை போகவில்லை. அதை எல்லா நாடுகளும் கவனித்தன.

ஆணையத்தில் இல்லாவிட்டாலும், ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 65-வது பிரிவு ஜப்பானைக் கட்டுப்படுத்துகிறது. திமிங்கலப் பாதுகாப்பில் உரிய சர்வதேச அமைப்புகள் வழியாக ஒத்துழைக்கச் சொல்கிறது அது. அதைச் சட்டரீதியாகக் கேட்கலாம். நார்வே, ஐஸ்லாந்து இறைச்சி ஜப்பான் சந்தைக்குப் போவதை வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் எழுப்பலாம். பூர்வகுடிகளின் வேட்டையை இதோடு சேர்த்துக் குழப்பாமல் இருக்கலாம்.

1979 முதல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக உள்ளது. அந்தக் கடலோரத்தில் இருக்கும், ஆணைய உறுப்பினருமான இந்தியா, ஓட்டுப் போடுவதோடு நிறுத்தாமல் ஜப்பானுடன் இருக்கும் நட்பையும் இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

தோற்றால் வெளியேறலாம், அதற்கு விலையும் இல்லை என்றால், நாளை பருவநிலை ஒப்பந்தத்துக்கும் மீன்வள ஒப்பந்தத்துக்கும் இதே கதிதான்.