மீதி நகை திராட்சைத் தோலில்!

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் என் மாமனார் என்னிடம் யோசனை கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் நான் பி.காம். படித்த பாவத்துக்காக. ''மாப்ளே, இந்தக் கணக்கு எங்கே ஓட்டையாகுதுன்னு கொஞ்சம் பாருங்க'' என்றார்.

மாமனாருக்குக் கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திராட்சைதான். குறியீடு வந்தால் மட்டும் போதுமா, விலை வரவேண்டாமா? சில சீஸனில் பறிக்கிற கூலிக்கே கட்டாது. 'நாமே ஜூஸ் போட்டு விற்றால் என்ன?' என்று கிளம்பிவிட்டார். மிஷின் வாங்கப் பணம்? மாமியாரின் நகை பேங்குக்குப் போனது. பற்றாததற்கு என் மனைவியின் நகையும் துணைக்குப் போனது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 'சரி' என்றுதான் சொல்லியிருப்பேன். பழக்கம்.

முதல் லாட் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. ''ஐயா, இது திராட்சை ஜூஸா, இல்லே திராட்சை கழுவின தண்ணியா?'' என்று கடைக்காரர் கேட்டாராம்.

கணக்கு நோட்டில் ஓட்டை இல்லை. கொல்லைப்பக்கம் போனேன். அங்கேதான் இருந்தது. பிழிந்த சக்கை மலையாகக் குவிந்திருக்க, நாலு ஆடுகள் வாயெல்லாம் ஊதாவாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு தோலை எடுத்து மென்றேன். வாய் சுருங்கிப் போனது. ஜூஸில் இல்லாத நிறமும் துவர்ப்பும் ஆட்டுக்கு இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது!

நீங்களும் ஒரு கறுப்புத் திராட்சையை உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும். சாயம் முழுக்கத் தோலில். டானின் என்கிற துவர்ப்புச் சரக்கு தோலிலும் கொட்டையிலும். வாழைப்பூவிலும் கடுக்காயிலும் நாக்கைப் பிடித்து இழுப்பது இந்த வம்சம்தான். எச்சிலில் இருக்கும் புரோட்டீனோடு போய் ஒட்டிக்கொள்ளும். வழவழப்புப் போய் நாக்கு வறண்ட மாதிரி ஆகிவிடும். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுகிறார்களே, அங்கேயும் இதே ஒட்டும் வேலைதான். அளவோடு இருந்தால் ஜூஸுக்கு ஒரு 'பிடி' கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணி.

'பூ, இவ்வளவுதானா!' என்று ஊருக்குத் திரும்பி, ஒரு கிலோ பழத்தைத் தோல், கொட்டையோடு மிக்ஸியில் போட்டு அரைத்தேன். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, ''கஷாயம் யாருக்கு? யாருக்கு உடம்பு சரியில்லே?'' என்றாள். கொட்டை உடைந்தால் அதிலிருக்கும் முரட்டு டானினும் கசப்பும் சேர்ந்து வந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பி.காமில் அந்தப் பாடம் இல்லை.

அப்புறம் உணவுத் தொழில்நுட்பம் படித்த சிநேகிதன் ஒருவனைப் பிடித்தேன். ''தோலோட செல்லுக்குள்ளேதான் சரக்கு இருக்கு. செல் சுவரை ஒட்டிவைக்கிற சிமென்ட் பெக்டின். அதைக் கரைக்கிற என்சைம் பெக்டினேஸ். சுவர் இளகினா சாயமும் டானினும் தானா வெளியே வரும். கொட்டையைத் தொட வேண்டாம்'' என்றான். 1930-களிலேயே ஆப்பிள் ஜூஸைத் தெளியவைக்க இதை உபயோகித்திருக்கிறார்கள். சிவப்பு ஒயின் செய்கிறவர்களும் போடுகிறார்கள். இந்த என்சைமைத் தயாரித்துக் கொடுப்பது, வெங்காயத்தில் கறுப்பாகப் படியுமே ஒரு பூசணம், அந்த ஜாதிதான். (உடனே வெங்காயத்தைத் தேடி ஓடாதீர்கள். சாப்பாட்டுக்கென்று சுத்தம் செய்து விற்பதைத்தான் வாங்க வேண்டும்.)

மாமனார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ''எங்கப்பா வெச்ச தோட்டம் மாப்ளே. மருந்து கலந்து விக்க மாட்டேன்.''

''மாமா, கல்லு மாதிரி இருக்கிற கொய்யாக்காய் எப்படிப் பழமாகி மெத்துனு ஆகுது? அதுக்குள்ளேயே இந்த மாதிரி என்சைம் இருந்துதான் பெக்டினைக் கரைக்குது. பழம் மெதுவாப் பண்ற வேலையை நாம கொஞ்சம் சீக்கிரம் பண்றோம்.''

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ''ஒரு அண்டா மட்டும்'' என்றார்.

கொட்டை உடையாமல் பழத்தை நசுக்கி, 50 டிகிரிக்குச் சூடாக்கி, சிநேகிதன் சொன்ன சிட்டிகை அளவு என்சைமைக் கலந்து, ஒரு மணி நேரம் விட்டுப் பிழிந்தோம். சூட்டிலேயே கொஞ்சம் சாயம் இறங்கும். ஆனால் இது மையாக இறங்கியது! சாறும் முன்னைவிடக் கூடுதல். சக்கை உலர்ந்து கிடந்தது. பாட்டிலில் ஊற்றுமுன் நன்றாகச் சூடு காட்டியதும் என்சைம் செயலிழந்துவிடும். வேலை முடிந்தவுடன் சத்தமில்லாமல் ரிடையராகி, பென்ஷன் கேட்காத ஊழியரை எந்த ஆபீஸிலாவது பார்த்திருக்கிறீர்களா?

''ஒரு மணி நேரத்துக்கே இப்படின்னா...'' என்று மாமனார் அடுத்த அண்டாவை நாலு மணி நேரம் விட்டார். குடித்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. என்சைமுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அது நம் வேலை.

கடைக்காரர் இப்போது வேறு புகார் சொல்கிறார். ''கலர்பொடி எதுவும் கலக்கலையே?'' மாமனார் அவரைத் தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். ஆடுகளுக்குத்தான் என்மேல் வருத்தம்.

நோட்டில் அவர் 'மருந்துச் செலவு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'சாவி' என்று எழுதினேன். பார்த்தார். திருத்தவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் என் மனைவியின் கையில் பேங்கிலிருந்து மீண்ட ஒற்றை வளையல். ''மத்த நகையெல்லாம் எங்கேடி?'' என்று அவளுடைய அத்தை கேட்டார்.

''திராட்சைத் தோலுக்குள்ளே இருக்கு அத்தை. மெதுவா வந்துக்கிட்டிருக்கு'' என்றாள்.