எடை வேறு, வெள்ளி வேறு!

2025-ல் வெள்ளி விலை கிடுகிடுவென ஏறியதும், பரணில் கிடந்த கொலுசும் குங்குமச்சிமிழும் கடைத்தெருவுக்கு வந்தன. எடையை அன்றைய விலையால் பெருக்கிக்கொண்டு போகிறவர்கள், கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுத் திகைக்கிறார்கள். எல்லாம் கடைக்காரரின் சூழ்ச்சி அல்ல.

பழைய ரூபாய் நாணயத்தையே பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி சுமார் 10.7 கிராம். யுத்த நெருக்கடியில், 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாய்க்கும் அதே எடைதான். ஆனால் வெள்ளி சரிபாதி, 5.83 கிராம்!

கொலுசிலோ பற்றவைத்த பொடியும் எடையில் சேரும். கொடுத்த செய்கூலி திரும்பாது.

நகைக்குத் தனி எண்ணுடன் ஹால்மார்க் முத்திரை 2025 செப்டம்பர் 1-ல், கட்டாயமின்றி, வந்தது. பாட்டி காலத்துக் கொலுசுக்கு அது ஏது? கண்ணெதிரே உருக்கி, மாற்றுப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.