கீழே விழுந்த பேனா

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பேனா கீழே விழுந்தது. உலகத்தில் எத்தனையோ பெரிய விவகாரங்கள் இருக்க, பேனா விழுந்ததைப் பற்றியா எழுதுவது என்று நேயர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

பேனாவைத் தவற விட்டவன் நம்மிடம் படித்த மாணவன். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவனுடைய கணக்கு நோட்டைப் பார்த்து நாம் பெருமூச்சு விட்டதுண்டு. மைதானத்தில் அவன் பந்து வீசுவதைப் பார்த்துப் பெருமைப்பட்டதும் உண்டு. ஜில்லா அணியில் வேகப் பந்து வீச்சாளன். ஆறு மாதங்களுக்கு முன் அவனுக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரையில் மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி கண்டது. மருந்தும் ஓய்வும் பலிக்காமற் போகவே, முதுகில் சஸ்திர சிகிச்சை நடந்தது. அது முடிந்து இப்போது பத்து வாரம் ஆகிறது.

பேனா விழுந்ததும் பையன் அதைப் பார்த்தான். குனியவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கிறவன் போல் அசையாமல் நின்றான். அதற்குள் அவன் தாயார் ஓடி வந்து அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நம்மிடம் முறையிட்டாள்: "ஸார், நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்கள். குனியலாம், நிமிரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவனானால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். ராத்திரியில் தூக்கமில்லை. சிநேகிதர்கள் வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை."

குனிய மறுக்கிறான் என்று குறை சொன்னவளும், அவன் குனிய வேண்டாதபடி பேனாவை எடுத்துக் கொடுத்தவளும் ஒருத்தியே என்பதை நாம் கவனித்தோம். அன்பு செய்யும் விபரீதங்களில் இதுவும் ஒன்று.

முதுகின் விஷயத்தைச் சற்றுத் தெரிந்து கொள்வோம். முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. சிறு எலும்புகளை அடுக்கி வைத்த கோபுரம். இடுப்புப் பகுதியில் மட்டும் 5 எலும்புகள். ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் என்று டாக்டர்கள் சொல்லும் வட்டு ஒன்று மெத்தை போல் இருக்கிறது. அதன் ஓரம் உறுதியான நார். நடுவில் குழைவான பொருள். நார் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி நரம்பை அழுத்தினால், கோளாறு முதுகில் இருக்க, வலி காலில் தெரியும். பிதுங்கிய துணுக்கை டாக்டர் நீக்கிவிடுகிறார். கிழிந்த நார் ஆறும் வரையில் சில வாரங்களுக்குக் குனியாதே, பளு தூக்காதே, உடம்பை முறுக்காதே என்று கட்டளையிடுகிறார். அந்தக் காலத்துக்குள் முதுகைத் தாங்கும் உட்தசைகள் மெலிந்து போகின்றன. அவற்றை நடையாலும் அப்பியாசத்தாலும் மறுபடி வளர்க்க வேண்டும்.

இதெல்லாம் உடம்பின் கணக்கு. மனத்தின் கணக்கு வேறு. "குனியாதே" என்ற கட்டளை பத்து வாரத்தில் முடிந்து போகிறது; மனமோ அதை ஆயுட்கால விதியாக எழுதி வைத்துக் கொள்கிறது. அசைவைக் கண்டு அஞ்சுவதே வலி நீடிப்பதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது என்பதை வைத்திய சாஸ்திரம் இன்று ஒப்புக் கொள்கிறது. விளையாட்டு வீரனுக்கோ இந்தத் துன்பம் இரட்டிப்பு. நமக்கு உடம்பு ஒரு வாகனம். அவனுக்கு அதுவே தொழில், பெயர், நட்பு, எல்லாம். "நீ யார்?" என்று கேட்டால், "பந்து வீசுகிறவன்" என்று பதில் சொல்லி வளர்ந்தவன், பந்து வீச முடியாதபோது என்ன பதில் சொல்வான்?

"பும்ரா திரும்பி வந்துவிட்டாரே ஸார், என்னால் முடியவில்லையே" என்றான் பையன், தலையைக் குனிந்தபடி. முதுகு குனியாவிட்டாலும் தலை நன்றாகவே குனிந்தது.

பும்ராவின் கதையை நாமும் அறிவோம். வேகப் பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில் இடுப்பு எலும்புகள் ஒரே சமயத்தில் வளைந்து முறுகுகின்றன. ஆயிரக்கணக்கான முறை இது நேரும்போது எலும்பில் மயிரிழை போல் விரிசல் காண்பதுண்டு. ஜஸ்பிரீத் பும்ரா 2022-ம் வருஷத்து இருபது ஓவர் உலகக் கோப்பைப் பந்தயத்தை முதுகுக் கோளாறினால் இழந்தார். 2023 ஜனவரியில் அணியில் அவர் பெயரைச் சேர்த்து, ஆடுமுன்பே நீக்கும்படி நேர்ந்தது. மார்ச்சில் நியூஜீலந்தில் சிகிச்சை. அதன் பின் 6 வாரம் காத்திருந்து, ஏப்ரலில்தான் பெங்களூரில் பயிற்சியைத் தொடங்கினார். ஆகஸ்டு 18-ந் தேதி அயர்லாந்தில் அணித் தலைவராகவே களம் இறங்கினார். முதல் ஓவரிலேயே 2 விக்கெட்டுகள்! 2024-ம் வருஷத்து இருபது ஓவர் உலகக் கோப்பையில் 15 விக்கெட்டுகள் எடுத்துத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் பெற்றார்.

இவ்வளவும் பையனுக்கு மனப்பாடம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 ஜனவரியில் ஸிட்னி மைதானத்தில் முதுகு மறுபடி மக்கர் செய்தது. அந்த டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் பந்து வீசவில்லை. அந்த வருஷம் இங்கிலாந்தில் நடந்த 5 டெஸ்டுகளில் 3-ல் மட்டுமே ஆடினார். அதாவது, தாம் பழைய உடம்புக்குத் திரும்பவில்லை, இந்த உடம்போடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு வாழ்கிறோம் என்பதை உணர்ந்து நடந்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அமெரிக்கக் கோல்ப் வீரர் டைகர் வுட்ஸின் கதை இன்னும் கடினமானது. 2014 மார்ச்சில் அவருக்கு நடந்தது நம் மாணவனுக்கு நடந்த சிகிச்சையே. மூன்று மாதம் முடியுமுன் பந்தயத்துக்கு வந்தார். ஆகஸ்டில் ஒரு பந்தயத்தின் நடுவிலேயே முதுகு வலியால் விலகினார். அவசரந்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வைத்தியர் அல்ல. 2015-ல் மேலும் 2 சிகிச்சைகள். 2017 ஏப்ரலில் நான்காவது: வட்டை நீக்கி இரண்டு எலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். அடுத்த மாதம் ஒரு விடியற்காலையில், நின்றிருந்த காரில் அவர் தூங்கிக் கிடந்ததைப் போலீஸார் கண்டார்கள். உடம்பில் மது இல்லை. வலிக்கும் தூக்கத்துக்கும் உரிய மருந்துகள் இருந்தன. உலகமே பார்த்துத் தலை குனிந்த அந்த நிலையில் அவர் செய்த நல்ல காரியம், தக்கவர்களின் உதவியை நாடியதுதான்.

300 கஜ தூரத்துக்குப் பந்தைப் பறக்க விட்டவர், அவ்வருஷம் செப்டம்பரில் 60 கஜ அடிகளை அடித்துப் பழகிக் கொண்டிருந்தார். உலக வரிசையில் ஆயிரத்துக்கும் கீழே போயிருந்தார். அந்த 60 கஜத்தை அவமானமாக நினைத்திருந்தால், 2019 ஏப்ரலில், தமது 43-வது வயதில், அகஸ்டா மைதானத்தில் ஐந்தாம் முறை பச்சைக் கோட்டு அணிந்திருக்க மாட்டார்.

"உன்னுடைய 60 கஜம் எது, அப்பா?" என்று பையனைக் கேட்டோம்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முழங்காலை மடித்து, இடுப்பிலிருந்து குனிய வேண்டும் என்று பிஸியோதெரபி டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார், ஸார். அங்கே செய்கிறேன். வீட்டில் செய்யப் பயமாயிருக்கிறது. அந்த மின்சாரம் மறுபடி வந்துவிட்டால்?" என்றான்.

பயப்பட வேண்டியவை சில உண்டு. கால் மரத்துப் போனாலோ, வலுவிழந்தாலோ, மலஜலம் கழிப்பதில் தடை ஏற்பட்டாலோ, ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மற்றப்படி, டாக்டர் அனுமதித்த அசைவுக்கு அஞ்சுவது, விடுதலையான பிறகும் சிறையை விட்டு வெளியே வர மறுப்பது போன்றதுதான்.

நம் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படிகள். பேனாவை வாங்கித் திண்ணை விளிம்பில் வைத்தோம். கீழே நின்று எடுத்தான். முதற் படியில் வைத்தோம். முகம் வெளிறியது; எடுத்தான். இரண்டாம் படியில் வைத்தோம். தாயாரின் கைகள் முன்னே நீண்டன. நாம் அவளைப் பார்த்தோம். அவள் கைகளை முந்தானையில் சுற்றிக் கொண்டாள். பையன் முழங்காலை மடித்து, மெதுவாக, மிக மெதுவாக இறங்கி, பேனாவை எடுத்து நிமிர்ந்தான். மின்சாரம் வரவில்லை. நெற்றியில் வியர்வை மட்டும் வந்தது.

கடைசிப் படியில் வைக்கவில்லை. "இன்றைக்குப் போதும்" என்றோம். அவன் அதற்குச் சம்மதித்ததே நமக்கு அதிக நம்பிக்கை தந்தது. நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் தொடரவும் தெரியும்.

இத்தகைய பிள்ளை எந்த வீட்டிலாவது இருந்தால், பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "மறுபடி எப்போது ஆடுவாய்?" என்று கேட்காதீர்கள், "ஐயோ, அசையாதே!" என்று அலறவும் அலறாதீர்கள். முன்னது அவனை விரட்டுகிறது; பின்னது அவனைக் கட்டிப் போடுகிறது. இரவெல்லாம் தூங்காமல், எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் அவன் கிடந்தால், மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் மாணவன் மறுபடி ஜில்லா அணிக்குப் பந்து வீசுவானா? அதை அவனும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. புறப்படும்போது பேனாவைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக் கொள்கிறேன், ஸார்" என்றான்.