எக்ஸெல் ஷீட்டும் எலுமிச்சம்பழ சாதமும்

டிஸ்கி: இது பயணக்கட்டுரை இல்லை. எங்கே தங்கினீங்க, ரூம் வாடகை எவ்வளவு என்று தேடி வந்தவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம் :-)

அமெரிக்காவில் குடும்பத்தோடு குப்பை கொட்டுகிற நம்ம ஆட்களை டூர் விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒன்று எக்ஸெல் கட்சி. இன்னொன்று 'பாத்துக்கலாம்' கட்சி. எக்ஸெல் கட்சிக்காரர் ஆர்லாண்டோ டிஸ்னிக்குக் கிளம்பினால் 7.10க்கு ரூமை விட்டுக் கிளம்புவது, 7.45க்கு கேட், 8.30க்கு முதல் ரைடு, 10.15க்கு பாத்ரூம் என்று பாத்ரூமுக்குக்கூட ஒரு கட்டம் போட்டுக் கலர் அடித்திருப்பார். 'பாத்துக்கலாம்' கட்சிக்காரர் வண்டியைக் கிளப்பி அரை மணி நேரம் கழித்து, "ஆமா, இப்ப எங்க போறோம்?" என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்பார்.

நியாயமாகச் சொன்னால் டிஸ்னி விஷயத்தில் எக்ஸெல் கட்சியைக் குறை சொல்ல முடியாது. அந்த இடமே அப்படித்தான் ஆகிவிட்டது. 1999ல் ஃபாஸ்ட்பாஸ் என்று கொண்டுவந்தபோது அது இலவசம். அங்கேயே இருந்த மெஷினில் டிக்கெட்டைச் செருகி, சீட்டு வாங்கிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும். 2021ல் ஜீனி பிளஸ் என்று பெயர் மாற்றி காசு கேட்டார்கள். 2024 ஜூலையில் அது லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. அவர்கள் ஹோட்டலில் தங்கினால் 7 நாள் முன்பே ரைடு புக் பண்ணலாம், வெளியே தங்கினால் 3 நாள். உள்ளே உட்கார்ந்து சாப்பிட 60 நாள் முன்னாடி மேசை பிடிக்க வேண்டும். அறுபது நாள் கழித்து என் சின்னவனுக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று எனக்கு எப்படி சார் தெரியும்? ஆனாலும் அங்கே பாத்துக்கலாம் என்று போனால் வெயிலில் வரிசையில் நிற்பதைத்தான் பாத்துக்க முடியும்.

அந்த ஷீட்டு கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் நம்மோடு சேர்ந்து இறங்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டை. எங்களுக்கு டூர் என்றால் மேற்கே திரும்புவது. பொள்ளாச்சி தாண்டினால் பாலக்காடு. அமராவதி, சின்னாறு தாண்டினால் மறையூர், மூணாறு, அதாவது இடுக்கி. பாலக்காட்டுக்காரர்களே மூணாறு போக எங்கள் ஊர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து திரும்பக் கேரளாவுக்குள் போவதுண்டு. பரம்பிக்குளம் இன்னும் தமாஷ். இருப்பது பாலக்காடு மாவட்டம், ரோடு என்னவோ நம்ம சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். எல்லைக்கோடு மேப்பில் ஒரு மாதிரியும் டயருக்கு ஒரு மாதிரியும் இருக்கிற பிரதேசம் இது.

தீம் பார்க் என்ற வார்த்தை எங்கள் காதில் விழுவதற்கு முன்னாலேயே எங்களுக்கு மலம்புழா இருந்தது. டேம், தோட்டம், கானாயி குஞ்ஞிராமன் 1969ல் செய்த யட்சி சிலை (அதைப் பார்த்ததும் பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் டேமைக் காட்டுவார்கள்), பாம்புப் பண்ணை, ரோப் கார். பிறகுதான் ஃபேன்டஸி பார்க் வந்தது, மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் வந்தது. கொச்சியில் 2000ல் வீகாலாண்ட் ஆரம்பித்தார்கள், அதுதான் இன்றைக்கு வொண்டர்லா.

இப்போது ஊருக்குப் போனால் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்ட வேண்டும் என்று ஆசை. அப்பா, அம்மா, தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்கள் வீட்டு வாண்டுகள் இரண்டு, நாங்கள் நாலு பேர். மொத்தம் பத்து டிக்கெட், ஒரு டெம்போ டிராவலர். ஆறு வயசிலிருந்து எழுபத்தொரு வயசு வரை. இந்தப் பத்துப் பேருக்கும் ஒரே ஷீட்டு எப்படி ஐயா சரிப்படும்?

என் கருத்து இதுதான்: எக்ஸெல் ஷீட்டில் எப்போதும் ரைடுதான் இருக்கும், ஆள் இருக்காது. தண்ணீர் பார்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும் என்று. நைலான் மாதிரித் துணிதான் போட வேண்டும். காரணம் சரிதான். ஆனால் வாழ்நாள் முழுக்க நூல் சேலை கட்டிய அம்மா என்ன செய்வார்கள்? கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் பத்துப் பேரின் செருப்பு, செல்போன், டவல் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முழு டிக்கெட் வாங்கிய வாட்ச்மேன்! பெரும்பாலான பார்க்கில் வெளிச்சாப்பாடும் அனுமதி கிடையாது, அதனால் அவர்கள் கட்டிவந்த சாப்பாடும் வண்டியிலேயே கிடக்கும். காலை 11லிருந்து மாலை 5 வரை அம்மாவுக்கு என்ன வேலை என்று எந்த ஷீட்டிலாவது ஒரு கட்டம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

சரி, அப்போ பாத்துக்கலாம் கட்சிதான் ஒசத்தியா என்றால், அவர்கள் மேல் எனக்கு இதைவிடக் கோபம். பிளான் பண்ணாத டூர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பிளானை வேறு யாரோ சத்தமில்லாமல் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். "சும்மா ஜாலியா கிளம்பினோம் மச்சி" என்று சொல்கிறவர் வீட்டில் யாரோ ஒருத்தர் ராத்திரியே பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை, மலைப்பாதையில் வாந்தி வந்தால் பிளாஸ்டிக் பை எல்லாம் எடுத்து வைத்திருப்பார். காலை நாலு மணிக்கு எழுந்து எலுமிச்சம்பழ சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வதக்கி, தயிர் சாதத்துக்குப் பால் ஊற்றிப் பிசைந்திருப்பார். எங்கள் வீட்டில் அது அம்மாவும் தங்கச்சியும். சோறு கட்டியிருந்தால்தான் ஐயா நடுவழியில் ஆற்றங்கரையைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லும் தைரியம் வரும். ஆம்பளைகளின் ஸ்பான்டேனிட்டி என்பது பொம்பளைகளின் தூக்கத்தில் கை வைப்பது. இதைச் சொன்னதற்கு மாப்பிள்ளை என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல், நாள் தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. ஒன்று ஸ்கூல் லீவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸுக்குப் போனால் மூணாறு டவுனில் வண்டி நகராது. ஜூனில் போனால் தென்மேற்குப் பருவமழை. மழை விஷயத்தை நம் ஆட்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் பயம் உண்டு. 2018ல் குறிஞ்சி பூக்கிற வருஷம் என்று எத்தனையோ பேர் ரூம் போட்டு வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு - உடுமலை ரோட்டில் பெரியவாரை பாலமே போய்விட்டது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயன் வீடுகள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அந்த ரோட்டில் நாம் போட்டோ எடுக்கப் போகிறோம்.

ஆகவே மழைக்காலத்தில் இடுக்கிக்குப் பிளான் போடுகிறவர், அதைக் கிழித்துப் போடும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்றும் முதல் நாளே முடிவு பண்ண வேண்டும். எங்கள் வண்டியில் அது டிரைவர் அண்ணனிடம் இருந்தது. கலெக்டர் ரெட் அலர்ட் போட்டாலோ, அவர் வானத்தைப் பார்த்து "வேண்டாங்க" என்று சொன்னாலோ அப்பீல் கிடையாது. ரூம் அட்வான்ஸ் போகிறதா, போகட்டும். நல்லவேளையாக நமக்கு ஒரு மாற்று வழி உண்டு. மூணாறில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போதும் சின்னாறு, மறையூர்ப் பக்கம் மழை ரொம்பக் குறைவு. மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். சின்னாறு காட்டில் கள்ளியும் முள்ளுமாக இருக்கும், கேரளா என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜூலையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு அந்தப் பக்கம்தான்.

அப்புறம், முன்கூட்டியே செய்தே ஆக வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அதில் ஸ்பான்டேனிட்டி பேசினால் கேட்டில் நின்று திரும்ப வேண்டியதுதான். இரவிகுளம் நேஷனல் பார்க் டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூடி வைப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்ம பக்கம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது. பரம்பிக்குளத்தில் தங்குவதென்றால் காட்டிலாகாவிடம் முதலிலேயே புக் பண்ண வேண்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள்: பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்துவிடுங்கள். ஒவ்வொரு பெரிய ரைடு வாசலிலும் ஒரு அளவுகோல் இருக்கும். அக்கா உள்ளே போய்விட்டாள், நம்மை மட்டும் தடுத்துவிட்டார்கள் என்று ஆறு வயசுப் பையன் அழுகிற அழுகையை எந்த ஐஸ்கிரீமாலும் அடக்க முடியாது. எந்தெந்த ரைடு உனக்குக் கிடையாது, அந்த நேரத்தில் உனக்கு என்ன என்று வீட்டிலேயே பேசி முடித்தால் அவனும் பெரிய மனுஷனாகக் கேட்டுக்கொள்கிறான்.

இவ்வளவுதான் என் கட்டங்கள். மீதி எல்லாம் வெள்ளையாகவே கிடக்கட்டும் என்பேன்.

போன முறை மலம்புழாவில் அப்படித்தான் விட்டோம். ரோப் காருக்கு ஒரு கூட்டம் போனது. அம்மாவும் சின்னவனும் ராக் கார்டனுக்குள் போனார்கள். சண்டிகரில் செய்த அதே நேக் சந்த் வடிவமைத்தது, எல்லாம் உடைந்த வளையல், ஓடு, கழித்துப்போட்ட சாமான்களால் ஆனது. "பத்து நிமிஷத்துல வந்தர்றங் கண்ணு" என்று போனவர்கள் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அம்மா ஒவ்வொரு சுவராக நின்று, "இது எங்க அம்மிச்சி வீட்டுத் தரையில இருந்த ஓடு, இந்த மாதிரி வளையல் எங்க ஊர் நோம்பிக்குத்தான் வாங்குவோம்" என்று அவனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் பங்குக்கு அவனும் உடைந்த பிங்கான் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். இங்கே அப்பா, 1955ல் இந்த டேமைக் காமராஜர் திறந்து வைத்தார், அப்போது பாலக்காடு நம்ம மெட்ராஸ் ஸ்டேட்டில் இருந்தது, அடுத்த வருஷம் நவம்பரில்தான் கேரளாவுக்குப் போனது என்று பேத்தியைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் "அப்போ தாத்தா, நீங்க வீசா இல்லாம வந்தீங்களா?" என்று கேட்டாள். அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இதை வைத்து மலம்புழா ஒசத்தி, டிஸ்னி மட்டம் என்று சொல்ல வரவில்லை. விஷயம் காசில் இருக்கிறது. ஆர்லாண்டோவில் ஒரு நாள் டிக்கெட்டுக்குக் கொடுக்கிற பணத்தை நினைத்தால் பிள்ளை அழுதாலும் காய்ச்சல் அடித்தாலும் ராத்திரி வாணவேடிக்கை பார்க்காமல் கிளம்ப மனசு வராது. கொடுத்த காசுக்குச் சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிற அப்பாக்களை அங்கே எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். மலம்புழாத் தோட்டத்தில் நுழைவுச் சீட்டு ஒரு டீ, பழம்பொரி கணக்குதான். பிடிக்கவில்லையா, வெளியே வந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. விலை ஏற ஏற மனசு மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் குறைகிறது. அதனால் வயசானவர்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகிற நாளில் விலை குறைந்த இடமாகத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பெரிய டிக்கெட் பார்க்குக்குப் பிள்ளைகளும் ஓடியாடுகிற பெரியவர்களும் தனியாக ஒரு நாள் போகட்டும். குடும்பம் என்றால் பத்துப் பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை.

மறையூரில் இன்னொன்று நடந்தது. முனியறைகளைப் பார்க்க என்று இறங்கினோம், வழியில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் புகை வந்தது. மறையூர் வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்திருந்தேன், ஆனால் கொப்பரையில் பாகு கொதிப்பதைப் பிள்ளைகள் பார்த்ததில்லை. நாலு வாண்டுகளும் அங்கிருந்து நகரவில்லை. சூடு ஆறாத வெல்லத்தை உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தார்கள். முனியறை போச்சு. மாப்பிள்ளைக்குத்தான் கொஞ்சம் வருத்தம், மூணாயிரம் வருஷத்துக் கல்லை விட்டுட்டோமே என்று. அது இவ்வளவு நாள் இருந்தது, அடுத்த வருஷமும் இருக்கும் என்று தங்கச்சி சமாதானம் சொன்னாள்.

இந்த விஷயத்தில் நான் இதுவரை இல்லாத அளவுக்கு முன்கூட்டியே ஒன்றே ஒன்று குறித்து வைத்திருக்கிறேன். குறிஞ்சி 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, அடுத்தது 2030. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். மூத்தவளுக்கு அப்போது காலேஜ் அப்ளிகேஷன் கவலை வந்திருக்கும். ஆபீஸில் லீவு கிடைக்குமா, மழை விடுமா, ரோடு இருக்குமா, ஒன்றும் தெரியாது. போன வாரம் போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"2030ஆ? அதுக்குள்ள இந்த முட்டிய மாத்தீர்லாம்னு டாக்டர் சொல்றாருங் கண்ணு. மாத்தீட்டா மேல வரைக்கும் ஏறீர்லாமா?" என்று கேட்டார்கள்.

ஆபரேஷனுக்கு ஜனவரியில் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.